மர வீடு கட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மர வீடு என்றதும் இரண்டு பேச்சு எழும். மரத்தை வெட்டினால் காடு போச்சு என்பது ஒன்று. ஒரு தீக்குச்சி போதும், வீடு போச்சு என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மர வீடுகளை அதிகமாகக் கெடுப்பது நெருப்பல்ல, தண்ணீர். கீழே வரும் பதில்களில் அதற்குத்தான் அதிக இடம். கதவும் ஜன்னலும் மட்டும் மரமாக உள்ள வீட்டைப் பற்றி இங்கே பேசவில்லை. தூண், உத்தரம், சுவர், தளம் என்று பாரம் தாங்கும் பகுதிகளே மரமாக உள்ள வீட்டைப் பற்றித்தான் பேச்சு.

மரத்தில் வீடு கட்டினால் காடு அழியாதா?

எந்தக் காட்டு மரம் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. உலகில் காடு அழிவதற்கு முதல் காரணம் வீட்டு மரம் அல்ல, விவசாய நிலம். மாட்டு மேய்ச்சலுக்கும் சோயாவுக்கும் எண்ணெய்ப் பனைக்கும் காட்டைச் சாய்த்தால், அங்கே மறுபடி மரம் முளைக்க இடமே இல்லை. கட்டட மரத்துக்காகப் பராமரிக்கப்படும் காட்டில் நடப்பது வேறு. வெட்டிய இடத்தில் அடுத்த தலைமுறை மரம் வளர்ந்தால்தான் காட்டுக்காரருக்கு அடுத்த வருமானம். ஐரோப்பாவில் மரம் வெட்டுவது ஒருநாளும் நிற்கவில்லை. ஆனாலும் 1990இல் இருந்ததைவிட இன்று அங்கே காட்டுப் பரப்பு அதிகம்.

வெப்பமண்டல மழைக்காட்டில் இந்தக் கணக்கு எடுபடாது. அங்கே நல்ல விலை போகும் மரம் காடு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கும். அந்த ஒன்றை இழுத்துவர லாரிப் பாதை வெட்டுகிறார்கள். பாதை வந்தபின் நிலம் தேடுபவர்கள் வருகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் தீ வருகிறது. வெட்டிய மரம் ஒன்றுதான், போனது அதைச் சுற்றியிருந்த காடு. ஆகவே ஊசியிலைக் காட்டு மரத்தையும் மழைக்காட்டு மரத்தையும் ஒரே தராசில் வைத்து ‘மரம் நல்லதா’ என்று கேட்பதில் பயனில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே வகை மரத்தை வரிசையாக நட்ட தோட்டம் காடாகாது. அதில் மரம் உண்டு, பறவையும் பூச்சியும் குறைவு. இயற்கைக் காட்டை அழித்துவிட்டு அந்த இடத்தில் தோட்டம் போட்டு, அதைப் ‘பசுமை’ என்று விற்பவர்களும் உண்டு.

சான்றிதழ் முத்திரையை நம்பலாமா?

ஓரளவுக்கு. மரம் பொறுப்போடு பராமரிக்கப்படும் காட்டிலிருந்து வந்தது என்று சான்று தரும் முத்திரைகளில், 1993இல் தொடங்கிய எஃப்எஸ்சி, 1999இல் தொடங்கிய பிஇஎஃப்சி ஆகிய இரண்டும்தான் உலகளவில் பரவலானவை. காட்டில் எப்படி வெட்டினார்கள் என்பதோடு, வெட்டிய மரம் அறுவை மில் வழியாகக் கடை வரும்வரை கைமாறிய சங்கிலியையும் இவை தணிக்கை செய்கின்றன. பலகையில் முத்திரை இருந்தால் மட்டும் போதாது. உங்களுக்குத் தரும் விலைப்பட்டியலிலும் அந்தச் சான்றிதழ் எண் இருக்க வேண்டும். எண் இருந்தால் இணையத்தில் சரிபார்க்கலாம்.

எந்த முத்திரையும் முழுப் பாதுகாப்பு தராது. பழைய கட்டடத்திலிருந்து கழற்றிய மரம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வாக இருக்கட்டும் என்பது என் கருத்து. அதற்காகப் புதிதாக எதையும் வெட்டத் தேவையில்லை. மரமும் பல ஆண்டு காய்ந்து, முறுக வேண்டிய அளவுக்கு முறுகி முடித்திருக்கும். ஆணிகளைப் பிடுங்க வேண்டும், பூச்சி துளைத்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மரம் கரியமில வாயுவைச் சேமிக்கிறது என்கிறார்களே, எவ்வளவு?

காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். ஒரு கன மீட்டர் மென்மரம் (பைன், ஸ்ப்ரூஸ் போன்றவை) 500 கிலோ என்று வைத்துக்கொண்டால் அதில் 250 கிலோ கார்பன். மரம் காற்றிலிருந்து இழுத்த கரியமில வாயுவாக அதைக் கணக்கிட்டால் 900 கிலோவுக்குச் சற்று மேல் வரும். விளம்பரங்களில் வரும் ‘ஒரு கன மீட்டருக்கு ஒரு டன்’ என்ற வாசகம் இங்கிருந்துதான் பிறக்கிறது. கணக்கில் பிழையில்லை. ஆனால் அது பாதிக் கதைதான்.

மீதிக் கதை இது. காட்டில் சாய்ந்த மரம் முழுவதும் உத்தரமாவதில்லை. வேரும் கிளையும் காட்டிலேயே மக்கும். மில்லில் பட்டையும் மரத்தூளும் போகும், அவற்றில் பெரும்பகுதி எரிபொருளாகும். சுவருக்குள் போய்ச் சேரும் பங்கு மட்டுமே சேமிப்பு. அந்தச் சேமிப்பும் வீடு நிற்கும்வரைதான். இருபது ஆண்டில் இடித்து எரித்தால் எல்லாம் காற்றுக்குத் திரும்பிவிடும். வெட்டிய இடத்தில் புது மரம் அதே அளவு வளரப் பத்துக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். குளிர்நாட்டு ஸ்ப்ரூஸ் மரம் என்றால் எண்பது ஆண்டுகூட ஆகலாம். வீட்டின் ஆயுள் அந்த மறுவளர்ச்சிக் காலத்தைவிட நீண்டதாக இருந்தால்தான் கணக்கு லாபத்தில் முடியும்.

அப்படியானால் கான்கிரீட்டைவிட மரம் மேலா?

பெரும்பாலான ஒப்பீடுகளில் ஆம், அதற்குக் காரணம் சேமிப்பைவிட, சிமெண்டுக்குப் பதிலாக மரத்தை வைப்பதால் தவிரும் உமிழ்வு. உலகின் கரியமில வாயு உமிழ்வில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. சூளையை மின்சாரத்தில் ஓட்டினாலும் இது முழுதாகத் தீராது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லே கரியமில வாயுவை வெளியிடுகிறது. சிமெண்ட் உமிழ்வில் பாதிக்கு மேல் அந்த வேதிவினையால் வருவது. மரத்தை அறுக்கவும் உலர்த்தவும் தேவைப்படும் ஆற்றல் அதோடு ஒப்பிட்டால் குறைவு. மரக் கட்டடம் எடை குறைந்ததாக இருப்பதால் அஸ்திவாரமும் சிறிதாகும்.

ஆனால் அஸ்திவாரம், குளியலறைத் தளம், மண்ணைத் தொடும் சுவர் ஆகிய இடங்களில் கான்கிரீட்டோ கல்லோ இருப்பதே சரி. அங்கேயும் மரத்தைத் திணிப்பது வீண் பிடிவாதம்.

மர வீடு எளிதில் தீப்பிடித்துவிடாதா?

மரம் எரியும். அதில் சந்தேகமே இல்லை. எப்படி எரியும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அடுப்பு மூட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும்: சுள்ளி சட்டென்று பிடிக்கும், பெருங்கட்டையைப் பற்றவைப்பது பெரும்பாடு. கனமான உத்தரம் தீயில் மாட்டும்போது வெளிப்பக்கம் கரியாகிறது. அந்தக் கரிப்படலம் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. மென்மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மி.மீ. என்ற வேகத்தில் கரியும். ஒரு மணி நேரத் தீயில் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 4 செ.மீ. போகும், அதற்குள்ளே இருக்கும் மரம் பலம் குன்றாமல் பாரத்தைத் தாங்கும். பொறியாளர் அந்த 4 செ.மீட்டரை முதலிலேயே கூட்டி வைத்து உத்தரத்தின் தடிமனைத் தீர்மானிப்பார். எஃகு எரியாது, ஆனால் 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது அதன் பலத்தில் பாதி போய்விடும். ஓர் அறைத் தீ அந்த வெப்பத்தைச் சாதாரணமாகத் தாண்டும். பாதுகாப்புப் பூச்சு இல்லாத எஃகு உத்தரம் வளைந்து விழ அது போதும்.

இந்த நல்ல செய்தி கனமான மரத்துக்கு மட்டும்தான். மெல்லிய சட்டங்களையும் ஒட்டுப்பலகையையும் வைத்து ‘ஐ’ வடிவத்தில் செய்யும் தள விட்டங்கள் மலிவானவை, நீளமானவை, கோணாதவை. அடியில் மூடாப்பு இல்லாமல் தீ பட்டால் அவை சில நிமிடங்களிலேயே விழுந்துவிடும். தீயணைப்பு வீரர்கள் தளத்தோடு கீழே போன சம்பவங்கள் உண்டு. அவற்றின் அடியில் ஜிப்சம் பலகை போடுவதை அலங்கார வேலை என்று எண்ணித் தள்ளிப்போடக் கூடாது. சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் இருக்கும் வெற்றிடங்களில் தீ யார் கண்ணிலும் படாமல் ஓடும். அங்கே குறுக்குத் தடுப்புகள் வைக்க வேண்டும்.

பலகைகளை ஓரடுக்கு நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் ஒட்டிச் செய்யும் சிஎல்டி சுவர்களில் இன்னொரு சிக்கல் வந்தது. சில பசைகள் சூட்டில் இளகி, கரிந்த அடுக்கு உதிர்ந்து, அடங்கப்போன தீக்கு உள்ளிருந்த புது மரம் தீனியானது. சோதனைகளில் இதைக் கண்டபின் 2018இல் வட அமெரிக்கத் தரநிலை சூடு தாங்கும் பசையைக் கட்டாயமாக்கியது. சிஎல்டி வாங்குபவர் பசையைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும்.

வரலாற்றில் நகரங்களே எரிந்திருக்கின்றனவே?

எரிந்தன. 1666இல் லண்டனில் 13,000க்கு மேற்பட்ட வீடுகள் போயின. மறு ஆண்டே புது வீடுகளைச் செங்கல்லிலோ கல்லிலோ கட்டச் சட்டம் வந்தது. நெருக்கமான தெரு, மேலே போகப்போகத் தெருவை நோக்கி நீண்ட மாடிகள், திறந்த அடுப்பு, தண்ணீர் வசதியின்மை எல்லாம் சேர்ந்த விளைவு அது. பாரம் தாங்கும் பொருளை மட்டும் பார்த்துத் தீ ஆபத்தை எடைபோட முடியாது. 2017இல் லண்டனிலேயே கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்தார்கள். அது கான்கிரீட் கட்டடம். தீயை மேலே ஏற்றியது வெளிப்புறத்தில் ஒட்டிய பிளாஸ்டிக் நடுவடுக்குள்ள பலகை.

மர வீட்டில் குடியிருப்பவரின் உயிரைக் காப்பவை புகை எச்சரிக்கைக் கருவி, தீயில் தானாகத் திறக்கும் நீர்த் தெளிப்பான், வெளியேறும் வழி ஆகிய மூன்றும்தான். கான்கிரீட் வீட்டிலும் அப்படியே. பெரும்பாலானோரைக் கொல்வது புகை. அந்தப் புகை சோபாவிலும் மெத்தையிலும் திரையிலும் கிளம்புகிறது.

கட்டும்போது தீ ஆபத்து உண்டா?

உண்டு. சொல்லப்போனால் மரக் கட்டடத்தின் ஆயுளில் மிக ஆபத்தான மாதங்கள் அவைதான். மூடாப்பு இல்லை, தெளிப்பானில் தண்ணீர் வரவில்லை, பக்கத்தில் வெல்டிங் நடக்கிறது. சூட்டு வேலை முடிந்தபின்னும் ஒருவர் காவல் இருப்பது கட்டாயம்.

சரி, தண்ணீர் ஏன் தீயைவிட மோசம்?

தீ எல்லா வீட்டுக்கும் வருவதில்லை, மழை வருகிறது. மரத்தை அழுகவைப்பது பூஞ்சை. அதற்குக் காற்று, மிதமான வெப்பம், தீனி, ஈரம் நான்கும் வேண்டும். முதல் மூன்றும் எந்த வீட்டிலும் இருக்கும். நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. 30ஐ ஒட்டி நின்றால் அது கொண்டாட்டம் போடும். நனைந்த மரம் உடனே அழுகிவிடாது, காய முடியாத மரம்தான் அழுகும். மழையில் நனைந்து வெயிலில் காயும் வேலிப்பலகை பல்லாண்டு நிற்கும். சுவருக்குள் கசிந்த நீரில் ஊறிக் காற்றுப் படாமல் கிடக்கும் சட்டம் சில ஆண்டுகளில் கையால் பிய்த்தெடுக்கும் அளவுக்கு இற்றுப்போகும்.

நியூசிலாந்தில் இது ஒரு தேசப் பிரச்சினையாகவே ஆனது. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் அங்கே பார்க்க அழகான, கூரை நீட்டம் இல்லாத, வெளிச்சுவரில் நேரடியாகப் பூச்சுப் பலகை ஒட்டிய வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. அதே காலத்தில் அழுகலையும் பூச்சியையும் தடுக்கும் மருந்து ஏற்றாத, உலர்த்திய பைன் சட்டங்களுக்கும் அனுமதி கிடைத்தது. ஜன்னல் ஓரத்தில் புகுந்த மழைநீருக்கு வெளியே வர வழியில்லை. சட்டங்கள் சுவருக்குள்ளேயே அழுகின. முன்பு அதே நாட்டில் அகன்ற கூரை நீட்டத்தோடு கட்டிய மர வீடுகள் நன்றாகவே நின்றுகொண்டிருந்தன. கெட்டது மரமா, வடிவமா என்று இனிக் கேட்க வேண்டியதில்லை.

ஆகவே வரைபடத்தைப் பார்க்கும்போது இவற்றைத் தேடுங்கள். கூரை சுவரைத் தாண்டி நன்றாக நீண்டிருக்கிறதா? வெளிப்பலகைக்குப் பின்னால் நீர் வடியவும் காற்று ஓடவும் இடைவெளி இருக்கிறதா? மரம் மண்ணிலிருந்து ஒரு சாணாவது உயர்ந்து கல்லின் மேலோ கான்கிரீட்டின் மேலோ நிற்கிறதா? தூணின் அடிமுனை நீரை உறிஞ்சாதபடி உலோகப் பாதத்தில் நிற்கிறதா? மரத்தின் வெட்டுமுனை பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக நீர் குடிக்கும். அழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். குளியலறைக் குழாய் மரச்சுவருக்குள் மறைந்து ஓடுகிறதா? ஓடினால் அதை இடம் மாற்றச் சொல்லுங்கள்.

எந்த மரம் தாங்கும்?

வைரம் பாய்ந்த நடுப்பகுதிதான் தாங்கும். எந்த மரமானாலும் பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதி பூச்சிக்கும் பூஞ்சைக்கும் விருந்து. தேக்காக இருந்தாலும் இதில் விலக்கில்லை. தேக்கின் வைரத்தில் உள்ள எண்ணெய்ப் பொருள்கள் அதைக் காக்கின்றன. பைன், ஸ்ப்ரூஸ் போன்றவற்றுக்கு இயற்கைக் காப்பு குறைவு. ஈரம் படும் இடத்துக்கு அவை மருந்து ஏற்றியே வர வேண்டும். பச்சை மரத்தை வாங்கிக் கட்டவே கட்டாதீர்கள். காயும்போது மரம் நீளத்தில் சுருங்குவது மிகக் குறைவு, அகலத்தில் கணிசம், ஆண்டு வளையத்தின் திசையில் அதிகம். விரிசலும் முறுக்கலும் இந்த ஏற்றத்தாழ்வால் வருபவை.

கரையான்?

வெப்பமான இடங்களில் நெருப்பைவிடக் கரையானுக்குத்தான் பயப்பட வேண்டும். மண்ணில் வாழும் கரையான் மண் குழாய் கட்டி மேலே ஏறும். அந்தக் குழாய் கண்ணில் படும்படி அஸ்திவாரத்தின் விளிம்பைத் திறந்து வைப்பதே முதல் தற்காப்பு. செடியும் விறகுக் குவியலும் சுவரோடு ஒட்டியிருந்தால் குழாய் தெரியாமல் போகும். அஸ்திவாரத்துக்கும் மரத்துக்கும் நடுவே உலோகத் தகடு வைத்தால் கரையான் சுற்றிக்கொண்டு வெளியே வரும், பார்த்துவிடலாம். உலர்மரக் கரையானுக்கு மண்ணே தேவையில்லை. அது சட்டத்துக்குள்ளேயே குடியிருந்து பொடிப்பொடியாகக் கழிவை உதிர்க்கும். போராக்ஸ் வகை உப்பை ஏற்றிய மரம் இதற்கு நல்ல தடை. அந்த உப்பு மழையில் கரையும் என்பதால் உட்புற மரத்துக்கே ஏற்றது.

மருந்தும் பசையும் உடம்புக்குக் கெடுதல் இல்லையா?

சில கெடுதல்தான். ஆர்சனிக் கலந்த சிசிஏ மருந்தை அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்திலிருந்து 2003 முடிவில் விலக்கினார்கள். பழைய வேலிக்கம்பங்களிலும் மேடைகளிலும் அது இன்னும் இருக்கிறது. பச்சை சாயம் ஏறிய பழைய மரத்தை அடுப்பில் எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். எரிக்கவே கூடாது.

மரத்துகளையோ மர நாரையோ பசையிட்டு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப், அவற்றோடு மலிவான பிளைவுட் ஆகியவற்றின் யூரியா பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு மெல்ல வெளியேறும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலிருந்து அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. வெப்பமும் ஈரமும் கூடினால் வெளியேற்றமும் கூடும். வெளியேற்ற வரம்பு அச்சிட்ட பலகையாக வாங்குங்கள், வெட்டிய விளிம்புகளை மூடுங்கள், முதல் சில மாதம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பாரம் தாங்கும் சிஎல்டி போன்றவற்றில் வேறு வகைப் பசை என்பதால் இந்தக் கவலை அங்கே மிகக் குறைவு. வினோதம் என்னவென்றால், மர வீட்டுக்குப் பயப்படுபவர்கள் பலரும் கான்கிரீட் வீட்டுக்குள் அலமாரி அலமாரியாக எம்டிஎஃப் வைத்திருக்கிறார்கள்.

மரத்தூளும் அதே முகமையின் பட்டியலில் உண்டு. அந்த ஆபத்து குடியிருப்பவருக்கு அல்ல, முகமூடி இல்லாமல் இழைக்கும் தச்சருக்கு.

நிலநடுக்கத்தில் மர வீடு தாங்குமா?

எடை குறைவு என்பதால் குலுக்கலின் விசையும் குறைவு. ஆணியும் போல்ட்டும் கொஞ்சம் நெளிந்துகொடுத்து அதிர்வை விழுங்கும். ஆனால் ‘மரம், அதனால் பாதுகாப்பு’ என்று சொல்லிவிட முடியாது. 1995இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் 6,400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் பழைய மர வீடுகள் நொறுங்கியதில் நசுங்கியவர்கள். கனமான ஓட்டுக் கூரை மேலே, குறுக்குத் தாங்கல் இல்லாத சுவர் கீழே, கரையானும் அழுகலும் தின்ற அடிச்சட்டம் அதற்கும் கீழே. 1981இல் திருத்திய விதிப்படி கட்டிய மர வீடுகள் அதே நகரில் நன்றாகவே தாக்குப்பிடித்தன.

புயலில் நிலைமை தலைகீழ். எடை குறைவு என்பதே குறையாகும். கூரையிலிருந்து அஸ்திவாரம்வரை உலோகப் பட்டைகளால் தொடர்ச்சியாகக் கட்டியிராவிட்டால் காற்று கூரையைத் தூக்கிவிடும்.

எத்தனை ஆண்டு நிற்கும்?

ஜப்பானின் ஹோர்யூஜி கோவிலில் 1,300 ஆண்டுப் பழமையான மரக் கட்டடங்கள் நிற்கின்றன, பழுது பார்த்துப் பார்த்து. நார்வேயில் தூணை நேராக மண்ணில் புதைத்துக் கட்டிய முதல் தேவாலயங்கள் அழுகி மறைந்தன. பிறகு கல்லின் மேல் அடிச்சட்டம் வைத்து அதன்மேல் தூண் நிறுத்தினார்கள். அப்படிக் கட்டியவற்றில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை இன்றும் உள்ளன.

எத்தனை மாடி கட்டலாம்?

நார்வேயின் மியோஸ்டார்னெட் கட்டடம் 2019இல் 18 மாடியோடு 85 மீட்டரை எட்டியது. அமெரிக்காவின் மில்வாக்கியில் 2022இல் 25 மாடி அசென்ட் அதைச் சற்றே தாண்டியது. ஆனால் இரண்டிலும் கான்கிரீட் உண்டு. மியோஸ்டார்னெட்டில் காற்றில் ஆடாமலிருக்க எடை வேண்டி மேல்தளங்களில் கான்கிரீட் போட்டார்கள். குடும்பத்துக்கு ஒன்றிரண்டு மாடி கட்டுபவர் இந்தப் போட்டியைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

வெயிலில் சூடு, மாடியில் சத்தம்?

மரம் கான்கிரீட்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்தும். அதே சமயம் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கனம் இல்லாததால் பகலில் சீக்கிரம் சூடாகி, மாலையில் சீக்கிரம் ஆறும். நிழலும் கூரைக்கடியில் வெப்பத்தடையும் அவசியம். சத்தம் உண்மையான குறைதான். மேல்தளத்தில் குழந்தை ஓடினால் கீழே கேட்கும். தளத்தின் மேல் கனமான அடுக்கும் நடுவே அதிர்வை விழுங்கும் மெத்தென்ற அடுக்கும் போட்டால் குறையும்.

மூங்கிலையும் மரமாகக் கொள்ளலாமா?

மூங்கில் புல் வகை. மூன்று முதல் ஐந்து ஆண்டில் முற்றிவிடுவது பெரிய அனுகூலம். மாவுச்சத்து நிறைந்தது என்பதால் துளைப்பூச்சி விடாது, மருந்தேற்றாமல் கட்டினால் சில ஆண்டுகள்தான் நிற்கும்.

வீட்டை இடித்தபின் மரம் என்னவாகும்?

அதைக் கட்டும் அன்றே தீர்மானித்துவிடுகிறீர்கள். பசையும் நுரையும் போட்டு ஒட்டிய சுவரைப் பிரிக்க முடியாது, நொறுக்கத்தான் முடியும். நொறுக்கிய மரம் எரியும், அல்லது குப்பைமேட்டில் காற்றில்லாமல் மக்கி ஒரு பகுதி மீத்தேனாகும். திருகும் போல்ட்டும் போட்டு இணைத்த உத்தரத்தைக் கழற்றி இன்னொரு வீட்டில் மாட்டலாம். எந்த மரம், எந்த மருந்து, எந்தப் பசை என்று ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். ஐம்பது ஆண்டு கழித்துக் கழற்றுபவருக்கு எதை மறுபடி பயன்படுத்தலாம், எதைத் தொடக்கூடாது என்று அதைப் பார்த்தால்தான் தெரியும்.